சேற்றில் ஓடும் சிறு வண்டி

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பழைய சாலையில் கேமரன் மலைக்கு வருவோர் முதலில் காணும் ஊர் ரிங்லெட். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கிடையே அடங்கிக் கிடக்கும் சிற்றூர். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் தோற்றுவித்த போ தேயிலைத் தோட்டம் இதற்கு அண்மையிலேயே உள்ளது. இவ்வூர்ச் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றால் போதும்; முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய லேண்ட்ரோவர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த அவ்வினத்தின் பழைய வண்டிகள், உலகின் பிற பகுதிகளில் காட்சிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பின்னரும், இங்கே சேற்றிலும் சரிவிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கதவு ஒரு நிறம், மூடி ஒரு நிறம். ஆயினும் ஓடுகின்றன. அவற்றை ஓடவைப்பது பட்டறைக்காரர்களின் கைத்திறனேயன்றி வேறில்லை.

நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தப் பெரிய வண்டியைப் பற்றியன்று. அதன் குணங்களையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு அளவில், வானொலி அலையால் இயக்கப்பெற்று, மேட்டிலும் பள்ளத்திலும் பாய்ந்தோடும் பந்தய வண்டியைப் பற்றியது. 'பகி' என்று அதனைச் சொல்வர். எங்கள் பள்ளியின் புறப்பாட நடவடிக்கைக்காக அத்தகைய வண்டி ஒன்றை வைத்திருக்கிறோம். ஒன்றே ஒன்றுதான். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் பதின்மருக்கு அது பொது. தலைமையாசிரியருக்கு விளையாட்டுப் பொம்மையோடு என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அது பொம்மையா என்பதை இக்கட்டுரையைப் படிப்போர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

கம்பியின்றி ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898-இல் நியூயார்க் மாநகரில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகினை ஓட்டிக் காட்டி மெய்ப்பித்தார். அக்கலை விளையாட்டு வண்டிக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. சப்பானிலுள்ள சிசுவோகா நகரின் தாமியா நிறுவனம் தன் முதல் வானொலிக் கட்டுப்பாட்டு வண்டியை 1976-இல் வெளியிட்டது. அது சமதளத்தில் ஓடுவது. மணலிலும் மண்ணிலும் ஓடத்தக்க வண்டிகளை அதே நிறுவனம் 1979-இல் கொணர்ந்தது. பின்னர் வந்தவற்றின் பெயர்களைக் கேட்டால் நம் மாணவர்களுக்குச் சிரிப்பு வரும்: தவளை, வெட்டுக்கிளி, குளவி. வெட்டுக்கிளியும் குளவியும் 1984-இல் பிறந்தவை. அதே ஆண்டில் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் 'ஆர்சி10' என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் அலுமினிய அடிச்சட்டமும் எண்ணெய் நிரப்பிய அதிர்வுத்தாங்கிகளும் பந்தயத்தின் போக்கையே மாற்றின. 1985-இல் கலிபோர்னியாவில் இவ்வகை வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடைபெற்றது. நம் நாட்டில் என் தலைமுறையினர்க்கு இவை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் காண்பதற்கு மட்டுமே உரியவையாக இருந்தன. எங்கள் கைக்கு எட்டியவை, பின்னர் வந்த, உள்ளங்கையில் அடங்கும் மின்கல வண்டிகளே.

வரலாறு இவ்வளவு போதும். வண்டியைத் திறந்து பார்ப்போம்.

மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிக்கு வன்மையான சுருள்வில் வேண்டும் என்றே எல்லாரும் முதலில் எண்ணுவர். எங்கள் மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. வில் வன்மையாக இருந்தால் சக்கரம் ஒவ்வொரு கல்லின்மீதும் துள்ளும். துள்ளும் நேரத்தில் தரையோடு அதற்குத் தொடர்பில்லை. தொடர்பில்லாத சக்கரம் தள்ளவும் மாட்டாது, திரும்பவும் மாட்டாது. நிலம் கரடுமுரடானால் வில் மென்மையாதல் வேண்டும். ஆனால் மென்மையான வில் ஒருமுறை அமுங்கினால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்கே வில்லின் நடுவில் எண்ணெய்க் குழல் இருக்கிறது. குழலுக்குள் ஓர் உந்துதட்டு; அதில் ஊசிமுனை போன்ற துளைகள். சக்கரம் மேலெழும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருங்கிப் புகுந்து செல்ல வேண்டியிருப்பதால் அசைவு தணிகிறது. வில் ஆற்றலைச் சேமிக்கிறது; எண்ணெய் அதனைச் சிறு வெப்பமாக்கிச் செலவழிக்கிறது. ஆற்றல் மாற்றம் என்னும் பாடத்தைக் கரும்பலகையில் நடத்திவிட்டு இக்குழலை மாணவன் கையில் கொடுத்துப் பாருங்கள். அவன் அதை அழுத்திக்கொண்டே இருப்பான், கீழே வைக்க மாட்டான்.

குழலில் எண்ணெய் நிரப்புதல் பொறுமைக்கு ஒரு தேர்வு. விளிம்புவரை ஊற்றி, உந்துதட்டை மெல்ல மேலும் கீழுமாக அசைத்தால் உள்ளே சிக்கிய காற்று குமிழ்களாக மேலே வரும். வந்த குமிழ்கள் முற்றும் அடங்கும்வரை குழலை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே தங்கிய காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது, ஆதலால் ஒரு சக்கரம் ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். இதில் மலைநாட்டுக்கென ஒரு தனிச் செய்தியும் உண்டு. இங்குப் பயன்படுவது சிலிக்கன் எண்ணெய். மற்ற எண்ணெய்களைக் காட்டிலும் வெப்பநிலைக்கு அசைந்து கொடுக்காதது என்றாலும், குளிர்ந்தால் அதுவும் சற்றே தடிக்கும். ஈப்போவின் வெயிலில் சரியாக இருந்த வண்டி ரிங்லெட்டின் காலைக் குளிரில் விறைப்பாக ஓடும். நாங்கள் ஒரு படி மெல்லிய எண்ணெயைப் பயன்படுத்துகிறோம். மின்னோடிக்குப் பதிலாக எரிபொருளால் ஓடும் பெரிய வகை வண்டிகளுக்கு உயரத்தால் வேறொரு தொல்லையும் உண்டு. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரிசெய்த பொறி இங்கே எரிபொருளை மிகுதியாகக் குடித்துப் புகையைக் கக்கும். மின்வண்டிக்கு அக்கவலை இல்லை.

வில்லும் எண்ணெயும் பொருந்தினவா என்பதை அறிய ஓர் எளிய வழி: வண்டியை ஒரு முழ உயரத்திலிருந்து நேராகக் கீழே விடுவது. பந்துபோல் எகிறினால் எண்ணெய் போதாது. அடித்தட்டு தரையில் பலமாக அறைந்தால் வில்லோ எண்ணெயோ மிக மெல்லியது. பூனை குதித்து நிற்பதுபோல அமுங்கி, எழுந்து, ஒரே அசைவில் நின்றுவிட வேண்டும்.

இனி, இவ்வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்புக்கு வருகிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதலான தொலைவு ஓட வேண்டும். எவ்வளவு கூடுதல்? இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிவட்டத்தின் சுற்றளவிலிருந்து உள்வட்டத்தின் சுற்றளவைக் கழிக்கக் கிடைப்பது, இருமடங்குப் பையை 20-ஆல் பெருக்கிய தொகை. அதாவது ஏறத்தாழ 126 சென்டிமீட்டர். வட்டம் சிறிதாயினும் சரி, திடலையே சுற்றி வரும் பெரிய வட்டமாயினும் சரி, வேறுபாடு அதே 126 சென்டிமீட்டர்தான். இதை நான் சொன்னபோது மாணவர்கள் நம்பவில்லை. கயிற்றைக் கட்டித் திடலில் வட்டம் வரைந்து அளந்தோம். அளந்த பிறகும் ஒருவன் நம்பாமல் மறுநாள் தனியாக வந்து அளந்தான். அவனைப் பாராட்டினேன்.

இவ்வேறுபாட்டை மாட்டுவண்டி எவ்வாறு சமாளித்தது? அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்வன. அச்சாணி சக்கரத்தைக் கழன்று போகாமல் காக்குமேயன்றிச் சுழற்சியைத் தடுப்பதில்லை. இழுப்பது மாடு, சக்கரம் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பொறியோ மின்னோடியோ சக்கரத்தையே சுழற்றும் வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் விசையையும் கொடுக்க வேண்டும். அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விட வேண்டும். இந்த இரட்டைத் தேவையை நிறைவேற்றும் பல்லிணைத் தொகுதிக்குப் பிரான்சு நாட்டவரான ஒனெசிபோர் பெக்கேர் 1827-இல் காப்புரிமை பெற்றார். 'டிபரன்சியல்' என்று நாம் வாய்வழியே சொல்லிவருவது அதுவே.

இதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்ற கேள்வி எங்கள் வகுப்பில் எழுந்தது. இங்கே சற்று விலகிப் பேச வேண்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு தொடங்கி நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பெற்றன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009-இல் அக்கொள்கை கைவிடப்படும் என்று அறிவிக்கப்பெற்று, 2012 முதல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். அந்த இடைக்காலத்தில் நாம் இழந்தது பாடநூல்களையன்று. அவற்றைத் திரும்ப அச்சிடலாம். பொருளைக் கையில் பிடித்தவுடன் தமிழ்ச்சொல் நாவில் எழும் பழக்கத்தை இழந்தோம். இன்றும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியர், நூலில் 'பல்லிணை' என்று படித்துவிட்டுப் பொருளைக் காட்டும்போது 'கியர்' என்றே சொல்கிறார். அவரைக் குறை கூற நான் வரவில்லை. சொல் நூலில் இருந்தால் போதாது, கையில் எண்ணெய் படிந்திருக்கும்போது வர வேண்டும் என்பதே என் கட்சி.

'வேறுபாட்டுப் பல்லிணை' என்று நான் எழுதிக் காட்டினேன். மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தையார் லேண்ட்ரோவர் வண்டிகளைப் பழுதுபார்ப்பவர். கட்டுரை எழுது என்றால் நான்கு வரிக்குமேல் எழுதமாட்டாத அவன், எங்கள் வண்டியின் பின்பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினான். மற்றது பின்னோக்கிச் சுழன்றது. "ஐயா, இது ரெண்டு பக்கத்துக்கும் பங்கு பிரிச்சுக் கொடுக்குது. ஒரு பக்கம் கொறஞ்சா இன்னொரு பக்கம் கூடுது" என்றான். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் அதற்குப் 'பகிர்வுப் பெட்டி' என்று பெயர். அறிஞர்கள் இதனைவிடச் சிறந்த சொல்லைத் தரக்கூடும்; தரட்டும். ஆனால் இச்சொல் பிறந்த மறுவாரமே அவன் அப்பெட்டி இயங்கும் முறையை ஒரு முழுப் பக்கத்திற்கு எழுதிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பிழைகள் இருந்தன. பொருட்பிழை ஒன்றுமில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பெறும்வரை இத்தகைய மாணவர்களை நாம் எந்தக் கணக்கில் வைத்திருந்தோம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

பகிர்வுப் பெட்டிக்கும் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சுழற்சி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டு, நல்ல தரையில் நிற்கும் சக்கரத்தைப் பட்டினி போடும். இதனைத் தடுக்கப் பெட்டிக்குள் மிகத் தடித்த சிலிக்கன் எண்ணெயை நிரப்புவர். தேன்போல் பாகுபிடித்த அவ்வெண்ணெய் பற்களின் தனிச் சுழற்சியைத் தயங்க வைக்கும். மிகத் தடித்துவிட்டால் வண்டி வளைவில் திரும்ப மறுக்கும். இடைப்பட்ட நிலையை ஓட்டிப் பார்த்தே காண வேண்டும்.

மின்னோடியின் சிறு பல்லிணையும் அதனோடு பொருந்தும் பெரிய பல்லிணையும் நெருங்கும் அளவை நாங்கள் காகிதத்தால் அளக்கிறோம். பயிற்சி ஏட்டிலிருந்து கிழித்த ஒரு கீற்றை இரண்டிற்கும் இடையில் வைத்து, நன்கு நெருக்கி, திருகை முடுக்கிவிட்டுக் காகிதத்தைச் சுழற்றி எடுத்துவிட்டால், வேண்டிய இடைவெளி தானாக அமைந்துவிடும். நெருக்கம் மிகுந்தால் மின்னோடி சூடேறும். குறைந்தால் பற்கள் உதிரும். பெரிய பல்லிணையில் 80 பற்கள், சிறியதில் 20 என்றால் மின்னோடி நான்கு முறை சுழலப் பெரியது ஒருமுறை சுழலும். வேகம் வேண்டும் என்று 20-ஐ 24 ஆக்க மாணவர்கள் துடிப்பார்கள். ஆக்கலாம், ஓட்டம் முடிந்தபின் மின்னோடிமேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் தாங்காத சூடு என்றால் வேகத்துக்கு ஆசைப்பட்ட விலை அதுவே.

சக்கரங்களின் சாய்வைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மேற்பகுதி ஒன்றிரண்டு பாகை உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் வளைவில் பிடிப்புக் கிடைக்கும். பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் மூன்று பாகை அளவு உட்புறம் பார்த்திருந்தால் வண்டி நேர்க்கோட்டில் நிலைத்தோடும். அட்டையில் கோணமானியால் வரைந்து வெட்டிய அளவுகோலே எங்கள் கருவி.

வண்டி மேட்டில் ஏறி வானில் பறக்கும் அந்த அரை நொடிதான் மாணவர்களுக்குத் திருவிழா. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பறக்கும்போது விசையைக் கூட்டினால் வண்டியின் மூக்கு மேலெழும். தடையை அழுத்தினால் மூக்குத் தாழும். தரையைத் தொடாத வண்டியை எது திருப்புகிறது? சக்கரங்கள் முன்னோக்கி வேகமாகச் சுழலத் தொடங்க, உடல் அதற்கு எதிராகப் பின்னோக்கிச் சுழல்கிறது. சுழற்சியின் மொத்த அளவு மாறாது என்னும் விதி இடைநிலைப்பள்ளிக்கு மேற்பட்டது. ஆறாம் ஆண்டு மாணவன் அதனை விரலால் அறிந்திருக்கிறான். பெயர் பின்னால் வரட்டும்.

பராமரிப்பே இவ்வண்டியின் பெரும்பகுதி வாழ்வு. பத்து நிமிடம் ஓட்டினால் ஒரு மணி நேரம் துடைக்க வேண்டும். கேமரன் மலையில் மழை பெய்யாத பிற்பகல் அரிது. சரிவுகளிலிருந்து இறங்கும் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தையே தூர்த்துக்கொண்டிருக்கையில் எங்கள் சிறு வண்டியை விட்டுவைக்குமா? நீரைப் பீய்ச்சிக் கழுவுவது எளிது. ஆனால் நீர் குண்டுத்தாங்கிகளுக்குள் புகுந்து துருவை விதைத்துவிடும். ஆதலால் சேறு காயும்வரை காத்திருந்து, பழைய பல்துலக்கியாலும் சாயத் தூரிகையாலும் தட்டி உதிர்க்கிறோம். பின்னர் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். சீராகச் சுழன்று தானே ஓய்ந்தால் நலம். கரகரவென்றால் தாங்கியில் மண். டிக்டிக்கென்று ஒரே இடைவெளியில் ஒலித்தால் பல்லிடுக்கில் சிறுகல். பழுதுபார்ப்பவரின் மகன் கண்ணை மூடிக்கொண்டே இதைச் சொல்லிவிடுவான். உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்குத் துளி அளவு பூட்டுப் பசை இடுதல் வேண்டும். நெகிழியில் இறங்குபவற்றுக்கு அது கூடாது, நெகிழியை அரித்துவிடும். சக்கர உறைகளுக்குள் நீர் புகுந்திருந்தால் வளையத்தின் துளைவழியே வடித்து, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு உலரும்வரை நிழலில் வைக்கிறோம்.

உடைந்த உறுப்புக்கு மாற்று வேண்டுமாயின் மலையிறங்கி வாங்க வேண்டும், அல்லது தபாலில் வரவழைக்க வேண்டும். எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் அன்றாட ஊதியத்தில் வாழ்பவர்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையிலும் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே இருக்கின்றனர். நம்மவர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கின்றன. இறங்கும் ஒவ்வொரு குடும்பத்தோடும் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைகிறது. ஆகவே உடைந்தால் புதிது வாங்கலாம் என்ற பேச்சை நான் அனுமதிப்பதில்லை. வளைந்த அச்சை நிமிர்த்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்கலத்தைப் பற்றி எச்சரிக்கையாக எழுதுகிறேன். பந்தயக்காரர்கள் லித்தியம் மின்கலத்தை விரும்புவர். எடை குறைவு, வேகம் மிகுதி. ஆனால் ஓர் அறைக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் அது கெடும், 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலோ குத்துப்பட்டாலோ தீப்பற்றும். மாணவர் கையாளும் எங்கள் வண்டியில் 7.2 வோல்ட் நிக்கல் மின்கலமே உள்ளது. ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், பெருக்கற் கணக்கும் சரியாக வருகிறது.

முற்காலத்தில் இவ்வண்டிகள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடின. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் கருவியைத் திறந்தால் ஒருவரின் கட்டளைக்கு மற்றவரின் வண்டி பணியும். அதனால் பந்தயத் திடல்களில் யார் எந்த அலையில் ஓட்டுகிறார் என்பதைக் கண்டறிய வண்ண அடையாளங்களைக் கருவியில் மாட்டுவர். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தமக்குரிய ஏற்பியை அடையாளம் கண்டுகொள்வதால் அத்தொல்லை நீங்கியது. எனினும் பழைய ஒழுங்கு ஒன்றை நாங்கள் விடவில்லை: தொடங்கும்போது முதலில் கையிலுள்ள கருவியைத் திறக்க வேண்டும், பிறகு வண்டியை, முடிக்கும்போது முதலில் வண்டியை நிறுத்த வேண்டும், பிறகு கருவியை. கட்டளையிடுவார் இல்லாத நேரத்தில் வண்டி விழித்திருத்தல் ஆகாது.

ஆண்டிறுதி விடுமுறைக்குப் பள்ளி மூடும் முன் வண்டியை ஒரு மரக்கட்டையின்மேல் ஏற்றி வைக்கிறோம். சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கும், விற்கள் தளர்ந்திருக்கும், உறைகள் ஒரு பக்கம் தட்டையாகாமல் தப்பும். மின்கலத்தைக் கழற்றித் தனியே உலர்ந்த டப்பாவில் இடுகிறோம். மலைக்காற்றின் ஈரத்துக்கு அஞ்சி, குண்டுத்தாங்கிகளுக்கு ஒவ்வொரு துளி மெல்லெண்ணெய். மாணவர் எழுதிவைத்த குறிப்பேடு பக்கத்தில் இருக்கும்: முன் எண்ணெய் எது, பின் எண்ணெய் எது, எத்தனைப் பல், எந்தத் திருகு தேய்ந்தது, எதற்கு மாற்று வரவேண்டும். 'பகிர்வுப் பெட்டி' என்ற தலைப்பின்கீழ் இவ்வாண்டு மூன்று பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன.